மெட்ஸ் பிட்ச்சிங் ஏன் இப்படிச் சரிஞ்சது? கூடவே, மறக்க முடியாத அவுட்ஃபீல்டு கேட்ச்கள்

ஏழாம் நம்பர் ரயில் | ஜூன் 30, 2025

நம்ம நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் டீமுக்கு பிட்ஸ்பர்க்ல மூணு நாள், மூணு தோல்வி. 9-1, 9-2, 12-1. கூட்டினா அவங்க 30, நாம 4. ஜூன் 12 அன்னைக்கு 45 வெற்றி, 24 தோல்வின்னு மேஜர் லீக்லயே முதல் இடத்துல நின்ன டீம்ங்க இது. இன்னைக்கு 48-37. நடுவுல ஆடின பதினாறு மேட்ச்ல ஜெயிச்சது மூணே மூணு.

பேட்டிங்கும் சொதப்பல்தான், இல்லைங்கல. ஆனா அச்சு முறிஞ்சது பிட்ச்சிங்ல, அதாவது பந்து எறியறதுல. அதுவும் எந்த நிமிஷம்னு விரல் வச்சுச் சொல்லலாம். ஜூன் 12, நேஷனல்ஸ் மேட்ச், ஆறாவது இன்னிங்ஸ். நம்ம பிட்ச்சர் செங்கா அதுவரைக்கும் ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்திருந்தார். ஏப்ரம்ஸ் ஒரு உருட்டுப் பந்து அடிக்கிறார், அலோன்ஸோ எடுத்து முதல் பேஸுக்குத் தூக்கிப் போடறார், கொஞ்சம் உயரமாப் போயிடுது. ஓடி வந்த செங்கா எம்பிப் பிடிச்சு, காலை நீட்டி பேஸைத் தொட்டார். அவுட் கிடைச்சது. ஆள் தொடையைப் பிடிச்சிட்டு அப்படியே தரையில சாஞ்சுட்டார். ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்ச்சர் விடற ரன் சராசரி, குறைய இருந்தா நல்லது) 1.47ல இருந்த மனுஷன்.

அப்புறம் மெகிலுக்கு முழங்கை. போன வியாழக்கிழமை கேனிங்குக்கு குதிகால் தசைநார் அறுந்து சீசனே முடிஞ்சது. மனாயா இந்த வருஷம் இன்னும் ஒரு பந்துகூடப் போடல. மோன்டாஸ் இப்பத்தான் வந்திருக்கார்.

இன்னைக்கு மேட்ச் இல்லை. புலம்பறவங்க புலம்பலாம். ஆனா ஒவ்வொருத்தரும் உங்களுக்குப் பிடிச்ச அவுட்ஃபீல்டு கேட்ச் ஒண்ணையும் எழுதிட்டுப் போங்க. வெறும் ஒப்பாரியா இருந்தா நானே இழையைப் பூட்டிடுவேன்.

எடிசன்வாசி | ஜூன் 30, 2025

செங்கா விழுந்ததால டீம் விழுந்துச்சுன்னு சொல்றது பாதி உண்மைதான். அதுக்கு முந்தின நாள், ஜூன் 11, பீட்டர்சன் ஒன்பது இன்னிங்ஸும் தானே போட்டு 5-0ன்னு முடிச்சார். அவர் வாழ்க்கையிலயே முதல் ஷட்அவுட். அன்னைக்கு புல்பென்ல (நடுவுல வந்து போடற ரிலீவர்கள் காத்திருக்கற இடம்) இருந்த எல்லாருக்கும் ஓய்வு. மத்தவங்க போடற நாள்ல அப்படியா நடக்குது? அஞ்சு இன்னிங்ஸ், அஞ்சரை இன்னிங்ஸ், தொண்ணூறு பந்து, போதும் வா. மீதி நாலு இன்னிங்ஸை யார் சுமக்கறது?

ஏப்ரல், மே மாசத்துல சுமந்தாங்க. எல்லாருக்கும் கை புதுசு. இடது கைக்காரங்க மின்ட்டர், டேனி யங் ரெண்டு பேரும் அப்பவே காயத்துல சீசனை முடிச்சுட்டாங்க. அந்தப் பாரமும் ப்ராஸோபான், காரெட், ஸ்டானெக் தலையில ஏறிச்சு. ஜூன் நடுவுல அவங்க பந்து வேகமா வருது, ஆனா வர வேண்டிய இடத்துக்கு வரல. வாக் (நாலு பந்து தப்பாப் போனா பேட்டருக்குச் சும்மா கிடைக்கற முதல் பேஸ்) மேல வாக்.

ஹோம்ஸ் கதை இன்னும் பயமா இருக்கு. போன வருஷம் யாங்கீஸுக்கு ரிலீவரா 63 இன்னிங்ஸ் போட்டவர். இவங்க ஸ்டார்ட்டரா (மேட்சைத் தொடங்கற பிட்ச்சரா) மாத்தினாங்க. ஜூன் முடியறதுக்குள்ளயே போன வருஷக் கணக்கைத் தாண்டிட்டார். ஆகஸ்ட்ல அந்தக் கை என்ன சொல்லும்?

பிராங்க்ஸ் மாப்பிள்ளை | ஜூன் 30, 2025

63 இன்னிங்ஸுக்கு மேல போனா அந்தக் கை என்ன ஆகும்னு தெரிஞ்சுதான்ப்பா யாங்கீஸ்காரங்க நாங்க வழியனுப்பி வச்சோம். 😄 வெள்ளிக்கிழமை உங்க மைதானம் சிட்டி ஃபீல்டுக்கு வர்றோம், நல்லா கவனிச்சு அனுப்புங்க.

ஏழாம் நம்பர் ரயில் | ஜூன் 30, 2025

மாப்ளே, கேட்ச் எழுதாம வெறும் நக்கல் பண்ணா பதிவு தூக்கப்படும்.

புது விசிறி | ஜூன் 30, 2025

ஒரு சந்தேகம், தப்பா நினைக்காதீங்க. நான் இந்த வருஷம்தான் பேஸ்பால் பாக்க ஆரம்பிச்சேன். கிரிக்கெட்ல ஒரு பவுலர் நாள் முழுக்க இருபது ஓவர் போட்டுட்டு மறுநாள் காலையிலயும் வந்து போடறார். இங்க தொண்ணூறு பந்து போட்டவருக்கு அஞ்சு நாள் லீவு. அப்படி என்ன கஷ்டம்? அப்புறம், நல்லா போட்டுட்டு இருக்கறவரை ஏன் அஞ்சாவது இன்னிங்ஸோட எடுக்கறாங்க?

எடிசன்வாசி | ஜூன் 30, 2025

நல்ல கேள்விதான் தம்பி. கிரிக்கெட்ல ஓடி வர்ற வேகம் உதவுது, கை நேரா சுத்துது. இங்க நின்ன இடத்துல இருந்து, முழங்கையை மடக்கி, ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோட எறியணும். மணிக்கு 95 மைல் இன்னைக்குச் சர்வசாதாரணம். முழங்கையில உள்பக்கம் இருக்கற தசைநார்தான் அந்த இழுப்பு மொத்தத்தையும் வாங்குது. அது கிழிஞ்சா அறுவை சிகிச்சை, ஒரு வருஷத்துக்கு மேல வீட்ல.

அஞ்சாவது இன்னிங்ஸ் விஷயம் வேற. ஒன்பது பேட்டர்களும் ரெண்டு சுத்து வந்துட்டா, மூணாவது சுத்துல பிட்ச்சரோட பந்து அவங்களுக்குப் பழகிடும், அடி அதிகமா விழும். அதான் எடுத்துடறாங்க. எடுத்தா அந்த மேட்ச்ல திரும்ப வர முடியாது. டீம்ல 26 பேர், அதுல பிட்ச்சர் 13 பேருக்கு மேல வச்சுக்கக் கூடாதுன்னு விதி. களைச்ச ஆளை சிராக்யூஸுக்கு (நம்ம கீழ்நிலை டீம் இருக்கற ஊர்) அனுப்பிட்டு அங்கிருந்து ஒரு புதுக் கையைக் கூட்டிட்டு வரணும். இந்த ரெண்டு வாரமா நம்மாளுங்க அதைத்தான் செஞ்சுட்டு இருக்காங்க.

பவுன் தெரு | ஜூன் 30, 2025

கேட்சரையும் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பிட்ச்சரின் பந்தை வாங்குபவர்) சேர்த்துப் பேசுங்கள். ஆல்வாரஸை 22ஆம் தேதி சிராக்யூஸுக்கு அனுப்பிவிட்டார்கள். டோரன்ஸ் நன்றாகவே பிடிக்கிறார், ஆனாலும் பிட்ச்சர்கள் தினம் மாறும்போது கேட்சரும் மாறினால் யார் யாரைப் புரிந்துகொள்வது?

கேட்ச் கேட்டீர்கள். எனக்கு நிம்மோதான். ஆகஸ்ட் 31, 2022, டாட்ஜர்ஸ். டிகிராம் போட்டுக்கொண்டிருந்தார், 2-1 நமக்கு. ஏழாவது இன்னிங்ஸில் ஜஸ்டின் டர்னர் அடித்த பந்து சென்டர் ஃபீல்டில் சுவரைத் தாண்டப் போகிறது. நிம்மோ சுவர் ஓரம் வந்து, ஒரு கணம் நிதானித்து, நேராக மேலே எழும்பி, சுவருக்கு அந்தப்பக்கம் கையை விட்டுப் பந்தை எடுத்து வந்தார். இறங்கிய உடனே அவர் போட்ட கூச்சல் இருக்கிறதே! சாதாரணமாகவே சிரித்த முகம், அன்றைக்குக் குழந்தை மாதிரி குதித்தார். டிகிராம் இரண்டு கையையும் தூக்கி நின்றார். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடிக்க எட்வின் தியாஸ் வரும்போது, அவருடைய நுழைவுப் பாட்டின் ட்ரம்பெட் கலைஞரே மைதானத்தில் நின்று வாசித்தார். அன்று மதியம் கோயில் கேன்டீனில் சாப்பிட்ட தோசை எட்டரை மணிக்கே செரித்துவிட்டது, அவ்வளவு கத்தினேன்.

ஷே மேல்மாடி | ஜூன் 30, 2025

நிம்மோவின் கேட்ச் அழகு. ஆனால் மெட்ஸ் ரசிகனிடம் கேட்ச் என்று சொன்னால் எண்டி சாவேஸைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இளைஞர்கள் யூட்யூபில் அந்தப் பதினைந்து விநாடியை மட்டும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் பிட்ச்சிங் சரிந்த கதைதான்.

2006இல் 97 வெற்றி. ஜூலை கடைசியில் மயாமியில் டாக்ஸி விபத்தில் டுவானர் சாஞ்செஸுக்குத் தோளில் அடி. எட்டாவது இன்னிங்ஸின் தூணே அவர்தான். அவசர அவசரமாக பிட்ஸ்பர்க்கிடம் பேசி, ஸேவியர் நேடியைக் கொடுத்து, ரொபர்ட்டோ ஹெர்னாண்டஸை வாங்கினார்கள். கூடவே வந்தவர் ஒலிவர் பெரெஸ். அந்த வருடம் மொத்தமாக 3 வெற்றி, 13 தோல்வி, ஈஆர்ஏ 6.55. பிளேஆஃப் தொடங்கும் முன் பெட்ரோ மார்ட்டினெஸும் இல்லை, ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸும் இல்லை. கடைசியில், கார்டினல்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தை, லீக் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் ஆட்டத்தை, மூன்றே நாள் ஓய்வில் அந்த பெரெஸ்தான் தொடங்கினார். யாருக்கும் நம்பிக்கை இல்லை.

அக்டோபர் 19. ஆறாவது இன்னிங்ஸ், 1-1. ஒரு அவுட். எட்மண்ட்ஸுக்கு வாக் கொடுக்கிறார். அடுத்து ஸ்காட் ரோலன், முதல் பந்தே. ஷேயில் (அப்போதைய நம் மைதானம்) மேல்மாடியில் இருப்பவர்களுக்கு இடது மூலையில் பந்து இறங்கும் இடம் சரியாகத் தெரியாது. கூட்டம் "ஓ" என்று இழுத்தது. போய்விட்டது என்றுதான் நினைத்தோம். சாவேஸ் ஓடி வந்து எம்பினார், சுவரின் விளிம்பில் முழங்கை மடிந்து அந்தப்பக்கம் போயிற்று. பந்து கிளவின் நுனியில், பாதி வெளியே தெரிய, ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அதோடு விடவில்லை. எட்மண்ட்ஸ் இரண்டாவது பேஸையே தாண்டி ஓடிவிட்டிருந்தார். சாவேஸ் வாலண்டினுக்கு, வாலண்டின் டெல்காடோவுக்கு. டபுள் பிளே, ஒரே பந்தில் இரண்டு அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. ஷே ஆடியதை நான் அன்றுதான் உணர்ந்தேன், சிமெண்ட் தளமே அதிர்ந்தது.

இன்னொன்று. கிளிஃப் ஃப்ளாய்டுக்குக் காலில் காயம் இல்லாவிட்டால் சாவேஸ் அந்த இடத்தில் நின்றிருக்கவே மாட்டார்.

புது விசிறி | ஜூன் 30, 2025

சார், படிக்கும்போதே சிலிர்க்குது. அப்போ அந்த மேட்ச் ஜெயிச்சோமா?

ஷே மேல்மாடி | ஜூன் 30, 2025

இல்லை. அதே இன்னிங்ஸின் நம் பாதியில் பேஸ் மூன்றும் நிறைந்து, ஒரே அவுட். வாலண்டின் ஸ்ட்ரைக்அவுட். அடுத்து வந்தது சாவேஸ்தான். பந்தைத் தூக்கி அடித்தார், சென்டர் ஃபீல்டில் எட்மண்ட்ஸ் பிடித்தார். ஒன்பதாவதில் ஹைல்மன் போட்ட பந்தை யாடியர் மொலினா ஹோம் ரன் அடித்தார், சாவேஸ் நின்ற அதே இடது பக்கம், இந்த முறை எட்டாத உயரம். 3-1. நமக்குக் கடைசி வாய்ப்பில் மறுபடி பேஸ் நிறைந்தது. வெயின்ரைட்டின் வளைபந்தை பெல்ட்ரான் நின்று பார்த்தார். முடிந்தது.

பவுன் தெரு | ஜூன் 30, 2025

இங்கேதான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாம் கொண்டாடும் பெரிய கேட்ச் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பிட்ச்சர் திணறிக்கொண்டிருக்கிறார். எட்மண்ட்ஸுக்கு வாக். 1969 வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) மூன்றாவது ஆட்டத்தில் டாமி ஏஜி பாய்ந்து பிடித்தது? ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட்டுக்குப் பிறகு கேரி ஜென்ட்ரி வரிசையாக மூன்று வாக் கொடுத்து பேஸை நிரப்பினார். நோலன் ரையன் வந்தார், பால் பிளேர் அடித்தார், ஏஜி தரையில் விழுந்து எடுத்தார். 1954இல் வில்லி மேஸ்? அதற்கும் முன்னால் பிட்ச்சர் மாக்லி, லேரி டோபிக்கு வாக் கொடுத்தார்.

கேட்ச் என்பது பிட்ச்சர் வாங்கிய கடனை அவுட்ஃபீல்டர் அடைப்பது. கைதட்டும்போது கடன் மறந்துபோகிறது. இந்த மெட்ஸுக்கும் ஏப்ரல், மே முழுக்க அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். டைரோன் டெய்லர் சென்டரில் ஓடி ஓடிப் பிடித்ததில் எத்தனை வாக் நம் கண்ணிலேயே படாமல் போயிருக்கும்!

எடிசன்வாசி | ஜூன் 30, 2025

அக்கா, இதை ஒத்துக்க மாட்டேன். பேஸ்ல ஆள் இல்லாதப்போ பிடிச்ச கேட்ச் நூறு இருக்கும், எதையும் நாம ஞாபகம் வச்சுக்கறதில்ல. ஆள் இருந்து, மேட்ச் தொங்கிட்டு இருந்தாத்தான் மனசுல நிக்குது. அதனால எல்லா நல்ல கேட்சுக்கும் முன்னாடி வாக் இருந்த மாதிரி தெரியுது. நீங்க சொன்ன நிம்மோ கேட்சையே எடுங்க. பேஸ் காலி, டிகிராம் திணறவும் இல்லை. டர்னர் ஒரு நல்ல அடி அடிச்சார், அவ்வளவுதான்.

டெய்லர் விஷயம் கணக்குல பார்க்கலாம். ஸ்டாட்காஸ்ட்ங்கற அளவீட்டு முறை 2015ல இருந்து ஒவ்வொரு பந்துக்கும் அவுட்ஃபீல்டர் எவ்வளவு தூரம் ஓடணும், எவ்வளவு நேரம் இருக்குன்னு அளக்குது. நூத்துக்கு இருபத்தஞ்சுக்குக் கீழ வாய்ப்பு இருக்கற கேட்சுக்கு அஞ்சு நட்சத்திரம். டெய்லர் மாதிரி ஆளுங்க அதைப் பிடிக்கறதுக்குக் காரணம் வேகம் மட்டும் இல்லை, பேட்ல பட்ட சத்தத்துக்கு முதல் அடி எந்தப் பக்கம் வைக்கறாங்கங்கறதுதான்.

பவுன் தெரு | ஜூன் 30, 2025

நிம்மோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த முதல் அடிக்கும் பிட்ச்சருக்கும் சம்பந்தம் இல்லையா? ஸ்ட்ரைக் போடும் பிட்ச்சருக்குப் பின்னால் நிற்பவர்கள் முன்காலில் நிற்பார்கள். ஒவ்வொரு பேட்டருக்கும் ஏழு எட்டு பந்து போட்டு, பாதி வெளியே போனால், அவுட்ஃபீல்டில் நிற்பவர் குதிகாலுக்குப் போய்விடுகிறார். பிட்ஸ்பர்க்கில் பந்து விழுந்த இடங்களைப் பாருங்கள். ஏப்ரலில் பிடித்திருப்பார்கள்.

பிராங்க்ஸ் மாப்பிள்ளை | ஜூன் 30, 2025

ரைட் ஃபீல்டுல உங்க 765 மில்லியன் டாலர் (சோட்டோதான்) முன்காலில் நிக்குதா, பின்காலில் நிக்குதான்னு கொஞ்சம் பாருங்கக்கா. அவரை நாங்க ஒரு வருஷம் பாத்திருக்கோம்.

(சரி, கேட்ச் எழுதணும்னா: வில்லி மேஸ். அவரு எந்த டீமுன்னு சண்டைக்கு வராதீங்க, நடந்தது நியூயார்க்ல.)

ஷே மேல்மாடி | ஜூன் 30, 2025

சோட்டோவைக் கேலி செய்வதற்கு முன் ரான் ஸ்வோபோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் ரைட் ஃபீல்டு, அவரும் கிளவுக்காகப் பெயர் வாங்கியவர் அல்ல. 1969 நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், டாம் சீவர் 1-0 என்று காத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவதிலும் முதலிலும் ஆள், ஒரு அவுட். புரூக்ஸ் ராபின்சன் வலது-நடுவே தாழ்வாக அடித்த பந்து. நிதானமுள்ள ஃபீல்டர் என்றால் ஒரு துள்ளலில் எடுத்திருப்பார், ஒரு ரன்தான். ஸ்வோபோடா உடம்பை முழுதாக நீட்டி விழுந்தார். தவறியிருந்தால் பந்து சுவர் வரை போய், ஆட்டமே போயிருக்கும். பிடித்தார். ஃப்ராங்க் ராபின்சன் ஓடி வந்து சமன் செய்தார் என்பது உண்மை, ஆனால் அதற்கு மேல் ஒன்றும் போகவில்லை. பத்தாவதில் 2-1 நமக்கு. பத்து இன்னிங்ஸும் சீவர்தான்.

பத்து இன்னிங்ஸ். ஒரே ஆள். இன்று சொன்னால் பொய் என்பார்கள்.

மேஸ் பற்றி: போலோ கிரவுண்ட்ஸில் விக் வெர்ட்ஸ் அடித்த அந்தப் பந்து வேறு எங்கே அடித்திருந்தாலும் ஹோம் ரன். மேஸ் முதுகைக் காட்டி ஓடி, தோளுக்கு மேல் வாங்கி, தொப்பி பறக்கத் திரும்பி எறிந்தார். அதே ஆட்டத்தைப் பத்தாவது இன்னிங்ஸில் முடித்தது டஸ்டி ரோட்ஸின் ஹோம் ரன், ரைட் ஃபீல்டு கோட்டோரம், ஏறத்தாழ 260 அடி. அந்த மைதானத்தின் நியாயம் அப்படி. நம் மெட்ஸும் 1962, 63 இரண்டு வருடமும் அங்கேதான் ஆடினார்கள்.

ஸ்கார்பரோ பெடியன் | ஜூலை 1, 2025

வணக்கம் அண்ணைமார், அக்காமார். நான் டொரொண்டோ புளூ ஜேஸ் ரசிகன், ஆனால் இந்த இழையைப் பாத்திட்டுச் சும்மா போக ஏலாது. டெவன் வைட்டை ஒருத்தரும் சொல்லேல்லையே?

1992 வேர்ல்ட் சீரிஸ், மூண்டாவது ஆட்டம், ஸ்கைடோம். அட்லாண்டாவுக்கு முதல் ரெண்டு பேஸிலயும் ஆக்கள், ஒருத்தரும் அவுட் இல்லை. டேவிட் ஜஸ்டிஸ் சென்டருக்கு அடிச்ச அடி சுவரை நோக்கிப் போகுது. வைட் திரும்பி ஓடி, எழும்பிப் பிடிச்சு, சுவரில மோதிக்கொண்டே பந்தை எறியிறார். பெண்டில்டன் அவசரத்தில முன்னால நிண்ட டியான் சாண்டர்ஸைத் தாண்டிப் போயிட்டார், அதால அவரும் அவுட். சாண்டர்ஸை கெல்லி க்ரூபர் துரத்திப் பாய்ஞ்சு குதிகாலில தொட்டவர். அம்பயர் இல்லையெண்டிட்டார். வீடியோவில வடிவாத் தெரியும், தொட்டது தொட்டதுதான். வேர்ல்ட் சீரிஸில ஒரு ட்ரிப்பிள் பிளே களவு போச்சுது.

எங்கட அப்பா இண்டைக்கும் அந்த அம்பயரைப் பேசுறவர்.

ஏழாம் நம்பர் ரயில் | ஜூலை 1, 2025

அருமை தம்பி, அடிக்கடி வாங்க. மில்வாக்கி மேட்ச் மழையில போச்சு, நாளைக்கு ரெண்டு மேட்ச். ஏற்கெனவே பிட்ச்சர் இல்லை, இதுல ஒரே நாள்ல பதினெட்டு இன்னிங்ஸ். மேலே இருக்கறவன் மெட்ஸ் ரசிகன் இல்லைங்கறது உறுதி.

எடிசன்வாசி | ஆகஸ்ட் 1, 2025

இழையை மேல தூக்கறேன், மன்னிக்கணும். டிரேட் கெடு (டீம்கள் ஆள் மாத்திக்கறதுக்கான கடைசி நாள்) முடிஞ்சுது. கிரெகரி சோட்டோ, டைலர் ராஜர்ஸ், ஹெல்ஸ்லி, மூணு ரிலீவர். சென்டர் ஃபீல்டுக்கு செட்ரிக் மல்லின்ஸ். ஸ்டார்ட்டர்? பூஜ்யம். அஞ்சு இன்னிங்ஸ் போடற ஆளுங்களை வச்சுக்கிட்டு மீதி நாலு இன்னிங்ஸுக்கு மட்டும் ஆள் பிடிச்சிருக்கார் நம்ம டீமை நடத்தற ஸ்டெர்ன்ஸ். அந்த அஞ்சு நாலாகும்போது என்ன பண்ணுவார்?

பவுன் தெரு | செப்டம்பர் 21, 2025

இன்று நேஷனல்ஸ் மேட்ச் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நான் இன்னும் நம்பவில்லை.

ஐந்தாவது இன்னிங்ஸில் நம் பிரெட் பேட்டி ஆழமாக அடித்த பந்து. அவர்களுடைய சென்டர் ஃபீல்டர் ஜேக்கப் யங் சுவரருகே ஓடிப் பிடித்தார், பந்து கிளவிலிருந்து தெறித்துக் கீழே போனது. மனிதர் காலால் அதை மேலே உதைத்து, மறுபடி பிடித்தார்! கால்பந்து மாதிரி. எதிராளி என்றாலும் சிரித்துவிட்டேன். ஒன்பதாவதில் சிரிப்பு போய்விட்டது. 3-2 அவர்களுக்கு. ஆல்வாரஸ் அடித்தது போய்க்கொண்டே இருக்கிறது, எழுந்து நின்றுவிட்டோம். அதே யங், சுவரில் ஏறி, அந்தப்பக்கத்திலிருந்து எடுத்து வந்தார். சமன் ஆகியிருக்க வேண்டிய ஆட்டம்.

எடிசன்வாசி, இன்று வாக் எதுவும் காரணமில்லை. உங்களுக்கு ஒரு புள்ளி.

எடிசன்வாசி | செப்டம்பர் 21, 2025

இந்தப் புள்ளியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண அக்கா. பிளேஆஃப் புள்ளி கிடைச்சா சொல்லுங்க.

ஏழாம் நம்பர் ரயில் | செப்டம்பர் 28, 2025

முடிஞ்சது. மயாமி 4, நாம 0. நாலாவது இன்னிங்ஸ்ல நாலு ரன் விட்டோம். அஞ்சாவதுல பேஸ் மூணும் நிறைஞ்சு, அலோன்ஸோ அடிச்சது இடிமாதிரி போச்சு, நேரா லெஃப்ட் ஃபீல்டர் கையில. 83-79. சின்சினாட்டியும் 83-79. அவங்ககிட்ட நாம சீசன்ல 4-2ன்னு தோத்திருக்கோம், அதனால பிளேஆஃபுக்கு அவங்க உள்ள, நாம வெளியே. இத்தனைக்கும் இன்னைக்கு அவங்களும் தோத்தாங்க. ஒரே ஒரு வெற்றி.

முப்பது கோடி டாலருக்கு மேல சம்பளப் பட்டியல். எட்டு இன்னிங்ஸ் முடிஞ்சு பின்தங்கியிருந்த மேட்ச் இந்த வருஷம் 70. அந்த எழுபதையும் தோத்திருக்கோம்.

புது விசிறி | செப்டம்பர் 28, 2025

அந்த ஜேக்கப் யங் கேட்ச் மட்டும் விழுந்திருந்தா...

ஷே மேல்மாடி | செப்டம்பர் 28, 2025

அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. விழுந்திருந்தாலும் அது சமன்தான், வெற்றி அல்ல. 162 ஆட்டத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழுவதற்கு எனக்கு மொலினா ஒருவர் போதும்.

செங்கா திரும்பி வந்தார், ஆனால் பழைய செங்கா வரவில்லை. செப்டம்பரில் தானே சம்மதித்து சிராக்யூஸுக்குப் போனார். ஜூன் 12 வரை ஏழு வெற்றி, சீசன் முடிவிலும் அதே ஏழு. ஹெல்ஸ்லி வந்த பிறகு ஈஆர்ஏ 7.20. காப்பாற்றியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நோலன் மெக்லீன். ஆகஸ்ட் நடுவில் வந்து எட்டு ஆட்டம், 5-1, ஈஆர்ஏ 2.06. அவரை ஜூலையிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எடிசன்வாசி | செப்டம்பர் 28, 2025

சார், ஜூலையில கூப்பிட்டிருந்தா ஆகஸ்ட்ல அவர் கையும் போயிருக்கும்னு இதே இழையில வேற யாராவது எழுதியிருப்பாங்க. மெக்லீன், டாங், ஸ்ப்ரோட் மூணு பேரும் மேல வந்துட்டாங்க. கேட்க வேண்டியது, இவங்களுக்கு மேல ஆறாவது ஏழாவது இன்னிங்ஸ் போடற ஒரு பெரிய ஆளை வாங்குவாங்களா, இல்ல மறுபடி அஞ்சு இன்னிங்ஸ் கம்பெனிதானா?

பிராங்க்ஸ் மாப்பிள்ளை | செப்டம்பர் 28, 2025

நக்கல் பண்ண வந்தேன். மனசு வரல. நாங்க வைல்ட் கார்டுல (பிளேஆஃப் முதல் சுத்துல) பாஸ்டனைப் பாத்துட்டு வர்றோம்.

ஸ்கார்பரோ பெடியன் | செப்டம்பர் 28, 2025

மாப்பிள்ளை அண்ணை ஏன் வைல்ட் கார்டுக்குப் போறார் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே. டிவிஷனை எடுத்தது நாங்கள்! அக்டோபரில பாக்கிறதுக்கு டீம் இல்லாத ஆக்கள் எல்லாரும் இஞ்சால வாங்கோ. சென்டர் ஃபீல்டில வார்ஷோ நிக்கிறார், கேட்சுக்குக் குறைவில்லை.

ஏழாம் நம்பர் ரயில் | செப்டம்பர் 29, 2025

வார்ஷோவைப் பாக்கறதுக்காக வேணா வர்றேன் தம்பி. ஆனா நீல ஜெர்சி எல்லாம் வாங்கச் சொல்லாதீங்க, வீட்ல ஏற்கெனவே ஒரு நீலம் தோச்சு மடிச்சு வச்சாச்சு.

எடிசன்வாசி, பெரிய ஸ்டார்ட்டர் பத்தித் தனி இழை போடுங்க. இதை இன்னைக்கு ராத்திரி பூட்டறேன். யாருக்காவது இன்னும் கேட்ச் பாக்கி இருந்தா அதுக்குள்ள எழுதிடுங்க.

பவுன் தெரு | செப்டம்பர் 29, 2025

ஏஜி அதே மூன்றாவது ஆட்டத்தில் நான்காவது இன்னிங்ஸில் பிடித்த முதல் கேட்ச். எல்ரோட் ஹெண்ட்ரிக்ஸ் அடித்தது, இடது-நடுச் சுவருக்கு ஓடி, புறங்கையால். பந்தின் பாதி கிளவுக்கு வெளியே தெரியும். இரண்டாவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், எனக்கு இதுதான் கூடப் பிடிக்கும்.